எடை சரியாக இருந்த குழந்தைகள்

1980களில் மதுரை, இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் மாதத்துக்கு ஒருமுறை எடை போடும் நாள் வரும். உலக வங்கிக் கடனுதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் வேலை அது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள பிள்ளைகளைத் தாய்மார் இடுப்பில் தூக்கி வருவார்கள். தராசில் வைத்ததும் பிள்ளை வீறிட்டு அழும். பணியாளர் எடையைப் பார்த்து அட்டையில் ஒரு புள்ளி வைப்பார். போன மாதப் புள்ளியையும் இந்த மாதப் புள்ளியையும் கோட்டால் சேர்ப்பார். கோடு மேலே ஏறினால் தாய்க்கு நிம்மதி. ஏறாமல் படுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு 90 நாள் சத்துமாவு.

பிள்ளை நோஞ்சானான பிறகு பதறாமல், நோஞ்சானாகப் போகிறது என்பதைக் கோட்டிலேயே கண்டு தடுப்பது அன்றைக்குப் புதிய எண்ணம். எத்தனையோ உயிர்களைக் காத்த எண்ணம். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்த அட்டையில் எடைக்கு மட்டுமே இடம் இருந்தது. பிள்ளை அழும்போது அம்மாவின் முகத்தைத் தேடுகிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, இரண்டு கையையும் ஒன்றுபோல் நீட்டுகிறதா என்று கேட்க அதில் கட்டம் இல்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு சொல் பேசாத பிள்ளைக்கும் கோடு ஒழுங்காக ஏறியிருக்கும். "நல்லா இருக்கான்" என்ற சொல்லோடு அவன் வீட்டுக்குத் திரும்பியிருப்பான். அரசின் கண் அன்று கிராம் கணக்கில்தான் குழந்தையைப் பார்த்தது. பசி முன்னால் நின்ற காலம் அது, வேறெதையும் பார்க்க அவகாசம் இல்லை.

பார்க்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தார்கள். தலை நிற்பது, குப்புற விழுவது, தவழ்வது, உட்காருவது, பிடித்து நிற்பது, தனியாக அடி எடுத்து வைப்பது என்ற வரிசை பாட்டிகளுக்கு மனப்பாடம். பல் முளைத்தால் கொழுக்கட்டை, தவழ்ந்து வாசற்படி தாண்டினால் கொழுக்கட்டை என்று அந்தப் படிகளைக் கொண்டாடிய வீடுகள் உண்டு. இந்தக் கணக்கு இலக்கியத்திலும் ஏறியிருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மேல் பாடிய காலத்திலிருந்து பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகையே குழந்தையின் மாதங்களை எண்ணி நடக்கிறது. 5ஆம் மாதம் செங்கீரை: கையை ஊன்றித் தலை நிமிர்த்தி உடலை அசைப்பது. 9ஆம் மாதம் சப்பாணி: உட்கார்ந்து இரு கையையும் சேர்த்துக் கொட்டுவது. ஓராண்டை ஒட்டி வருகை: நடந்து வருவது. மூன்றும் இன்றைய குழந்தை மருத்துவரும் அந்தந்த வயதில் எதிர்பார்க்கிறவைதான்.

ஆகவே அன்று குறை கண்ணில் இருக்கவில்லை, கண்டதற்குப் பின்னால்தான் இருந்தது. பத்து மாதமாகியும் உட்காராத பிள்ளையைப் பாட்டி கவனித்துவிடுவாள். கவனித்து எங்கே போவது? சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியில் 1953இல் பிறந்த, அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான பால விஹார் இருந்தது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இருந்தது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளுக்காகப் பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய பள்ளி பின்னாளில் வித்யாசாகர் ஆனது. இராமநாதபுரத்து முதுகுளத்தூர்க்காரருக்கு இவை ஒவ்வொன்றும் ஓர் இரவுப் பேருந்துத் தொலைவு. அப்படி ஓர் இடம் இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது.

போக இடம் இல்லாதபோது மனிதர்கள் ஆறுதல் தேடுவார்கள். "ஆம்பளப் புள்ள, பேச்சு கொஞ்சம் பிந்தித்தான் வரும்." "அவுக தாத்தாவே நாலு வயசுலதான் வாயத் தொறந்தாரு." நாக்கில் வசம்பு உரசித் தேய்ப்பார்கள், தேன் தடவுவார்கள் (ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது என்பது இன்று தெரிந்த செய்தி). நடக்காத பிள்ளையை இடுப்பளவு குழி தோண்டி நிற்க வைப்பதும் சில ஊர்களில் உண்டு. குலதெய்வத்துக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொள்வார்கள். இதில் எதையும் அறியாமை என்று நான் ஒதுக்க மாட்டேன். வேறு கதவு இல்லாத இடத்தில் இருந்த கதவுகளை அவர்கள் தட்டினார்கள். தாத்தாவைப் போலவே பிந்திப் பேசித் தேறிய பிள்ளைகளும் இருந்தார்கள். தேறாத பிள்ளைகளைப் பற்றி யாரும் திண்ணையில் உட்கார்ந்து கதை சொல்லவில்லை. அந்த ஆறுதல் தலைமுறை தாண்டி வந்ததற்கு அதுவே காரணம்.

அப்படியே 5 வயது வந்துவிடும். அன்று தமிழ்நாட்டுக் கிராமத்தில் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாக ஒரே ஒரு பரிசோதனைதான் நடந்தது. வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். கை எட்டியது, ஆனால் சொன்னது விளங்கவில்லை என்ற பிள்ளையைச் சில மாதங்களில் ஆசிரியர் திருப்பி அனுப்புவார். வளர்ச்சித் தாமதம் என்பதை முதன்முதலில் ஓர் அந்நியர் வாய்விட்டுச் சொன்ன இடம் பல குடும்பங்களுக்குப் பள்ளிக்கூட வாசல்தான். அதற்குள் மூளை மிக எளிதாக வளைந்து கொடுக்கும் ஆண்டுகள் கழிந்திருக்கும்.

குழந்தையின் வளர்ச்சியை அளக்கலாம் என்ற எண்ணம் முறையாக வேரூன்றியது அமெரிக்காவில். யேல் பல்கலைக்கழகத்தில் அர்னால்டு கெசல் 1911இல் தொடங்கிய குழந்தை வளர்ச்சி நிலையத்தில், எந்த மாதத்தில் குழந்தை எதைச் செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்துப் பதிந்தார்கள். 1967இல் டென்வரில் அதே எண்ணம் ஒரு தாளில் அடங்கும் பரிசோதனையாகச் சுருங்கியது. ஆனால் அமெரிக்கக் குழந்தையின் கணக்கை நம் குழந்தைமேல் அப்படியே பொருத்த முடியாது. படிக்கட்டே இல்லாத ஓலைக்குடிசையில் வளரும் பிள்ளை படி ஏறவில்லை என்று குறித்தால் அது பிள்ளையின் குறையா? பரோடாவில் பிரமிளா பாடக் இந்தியக் குழந்தைகளை வைத்தே அளவுகோலைத் திருத்தி அமைத்தார். 1970இல் வந்து 1997இல் புதுப்பிக்கப்பட்ட அந்த அளவுகோலில் உடலியக்கத்துக்கு 67 இனங்கள், அறிவு வளர்ச்சிக்கு 163. பயிற்சி பெற்ற உளவியலாளர் நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை அது. கிராமத்து நர்சம்மாவின் கைக்கு வராது.

கைக்கு வந்தது பக்கத்து மாநிலத்திலிருந்து. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியின் குழந்தை வளர்ச்சி மையத்தில் எம்.கே.சி. நாயரும் உடன் பணியாற்றியவர்களும் பரோடா அளவுகோலிலிருந்து 17 இனங்களை மட்டும் பொறுக்கி, இரண்டு வயது வரைக்குமான ஒரு அட்டவணை செய்தார்கள். 1991இல் அது வெளியானது. இந்த நாட்டில் குழந்தைகளுக்காகச் செய்யப்பட்ட கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், அதன் எளிமைக்காக. அட்டவணையில் ஒவ்வொரு செயலுக்கும் ஒரு பட்டை. எந்த மாதத்தில் சில குழந்தைகள் அதைத் தொடங்குகின்றன, எந்த மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் செய்துவிடுகின்றன என்பது அந்தப் பட்டையின் இரு முனை. குழந்தையின் வயது இருக்கும் இடத்தில் ஒரு பென்சிலைச் செங்குத்தாக வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்புறம் முடிந்துபோன பட்டைகளைப் பார்க்க வேண்டும். அவற்றில் ஏதேனும் ஒன்றைக் குழந்தை செய்யவில்லையென்றாலும் மேலே அனுப்ப வேண்டும். ஐந்து பத்து நிமிடத்தில் வேலை முடியும். முகம் பார்த்துச் சிரிப்பதில் தொடங்கி, தலை நிற்பது, மணிச் சத்தத்துக்குத் திரும்புவது, ஒரு கைப் பொருளை மறு கைக்கு மாற்றுவது, இரு விரலால் சிறு மணியை எடுப்பது, இரண்டு சொல் பேசுவது என்று போய், பொம்மையின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டுவதில் முடிகிறது. நடுவில் கைகொட்டுவதும் இருக்கிறது, நம் சப்பாணிப் பருவம்.

இந்த அட்டவணையின் எல்லையையும் அதைச் செய்தவர்களே சோதித்துச் சொன்னார்கள். தாமதம் உள்ள மூன்று குழந்தைகளில் ஏறத்தாழ இரண்டை அது பிடிக்கும், ஒன்று நழுவும். தாமதம் இல்லாத சில குழந்தைகளையும் தவறாகக் காட்டும். எந்தச் சல்லடைப் பரிசோதனைக்கும் இந்த இயல்பு உண்டு. அதனால்தான் ஒருமுறை பார்த்துவிட்டு விடக் கூடாது, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதனால்தான் அட்டவணையில் சந்தேகம் வந்தவுடன் பிள்ளைமேல் ஒரு நோயின் பெயரை ஒட்டக் கூடாது என்றும் சொல்கிறார்கள். சந்தேகத்துக்குப் பிறகு தொடங்குவதுதான் மதிப்பீடு.

நல்ல மதிப்பீட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அது வெறும் விளையாட்டாகத் தோன்றும். பிள்ளை தரையில் இருக்கும். சில கட்டைகள், ஒரு பந்து, ஒரு கிலுகிலுப்பை. மருத்துவர் முதலில் பிள்ளையைத் தொடக்கூட மாட்டார், அம்மாவிடம் பேச்சுக் கொடுப்பார். எத்தனை வாரத்தில் பிறந்தான், பிறந்ததும் அழுதானா, மஞ்சள் காமாலைக்கு நீல விளக்கில் வைத்தார்களா, வலிப்பு வந்ததா, சொந்தத்தில் கட்டிக்கொண்டீர்களா. மாமன் மகளையும் அக்கா மகளையும் கட்டும் வழக்கம் உள்ள நம் ஊரில் இந்தக் கடைசிக் கேள்வியைத் தவிர்க்கவே முடியாது. பிறவிச் செவித்திறன் குறைபாடு உட்படப் பல மரபுக் கோளாறுகளின் வாய்ப்பு நெருங்கிய உறவுத் திருமணங்களில் கூடுகிறது.

பிறகு வயதைத் திருத்துவார். 32 வாரத்தில் பிறந்த பிள்ளை 8 வாரம் முந்திப் பிறந்தது. அந்த 8 வாரத்தைக் கழித்துத்தான் இரண்டு வயது வரை அதன் வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். காலண்டர்படி 6 மாதமான அந்தப் பிள்ளையிடம் 4 மாதப் பிள்ளையின் வேலையைத்தான் எதிர்பார்க்கலாம். இந்த ஒரு கழித்தலைச் செய்யாமல் கலங்கிப்போன பெற்றோர் பலர். இதைச் சாக்காக வைத்து உண்மையான தாமதத்தைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு.

பேச்சு வரவில்லையா? முதலில் காது. "தட்டைத் தட்டிப் பாத்தேன், திரும்பினானே" என்று தாய் சொல்வாள். தட்டின் சத்தம் பெரிது; தட்டும் கையைப் பிள்ளை ஓரக்கண்ணால் பார்த்திருக்கலாம். காது கேளாத குழந்தையும் முதல் ஆறு மாதம் மற்றக் குழந்தைகளைப்போலவே கூவும், மழலை எழுப்பும். அதற்குப் பிறகுதான் அந்தக் குரல் மெல்லக் குறையும். ஆகவே ஊகத்துக்கு இடம் கொடுக்காமல், பிள்ளையைத் தூங்க வைத்து, ஒலி மூளைக்கு எட்டுகிறதா என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை செய்கிறார்கள். காது கேட்கவில்லை என்று ஒரு வயதில் தெரிந்தால் ஒரு வாழ்க்கை, ஐந்து வயதில் தெரிந்தால் வேறு வாழ்க்கை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்த வழி செய்திருக்கிறார்கள். ஆனால் கருவி எவ்வளவு முந்தி வருகிறதோ அவ்வளவு முந்தி மூளை ஒலியைப் பொருளாக மாற்றக் கற்கும். தைராய்டும் இப்படித்தான். பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைக்கு முதல் சில வாரங்களில் தினம் ஒரு சிறு மாத்திரை தொடங்கினால் அறிவு வளர்ச்சி ஏறக்குறைய இயல்பாக இருக்கும். மாதங்கள் தாண்டிவிட்டால் இழந்ததை அதே மாத்திரையால் மீட்க முடியாது. குதிகாலில் ஊசி குத்தி எடுக்கும் ஒரு சொட்டு இரத்தம் போதும், இதைக் கண்டுபிடிக்க.

இவ்வளவும் நடக்கும்போது பிள்ளையின் கைகளையும் ஒரு கண் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு வயதுக்குள் பிள்ளை எப்போதும் ஒரே கையால்தான் எடுக்கிறது என்றால், "எங்க அப்பா மாதிரி இடக்கை" என்று வீட்டில் மகிழ்வார்கள். மருத்துவரோ மற்றக் கை ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்பார். மூளை முடக்குவாதத்தின் முதல் தடயம் பல குழந்தைகளிடம் அதுவாக இருக்கும். உடலியக்கம், கைவேலை, பேச்சு, பிறரோடு பழகுதல், தன் வேலையைத் தானே செய்தல் என்று வளர்ச்சிக்குப் பல கிளைகள். ஐந்து வயதுக்குள் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகளில் கணிசமாகப் பின்தங்கினால் அதை ஒட்டுமொத்த வளர்ச்சித் தாமதம் என்கிறார்கள். ஒரே கிளையில் மட்டும் தாமதம் என்றால் காரணமும் வழியும் வேறு.

இயல்பின் எல்லை மிக அகலமானது என்பதையும் சொல்ல வேண்டும். டெல்லிக் குழந்தைகள் உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைப் பார்த்து உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்கில், தனியாக நடக்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை நீள்கிறது. தவழாமலேயே நடந்த ஆரோக்கியமான குழந்தைகளும் அதில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை 10 மாதத்தில் நடந்ததற்காக 13 மாதப் பிள்ளையைப் பெற்றவள் தூக்கம் கெட வேண்டியதில்லை. 18 மாதத்திலும் நடக்கவில்லையென்றால் ஒரு வாரமும் காத்திருக்க வேண்டியதில்லை. ஐந்து மாதத்திலும் தலை நிற்காதது, பத்து மாதத்திலும் உட்காராதது, ஒன்றரை வயதிலும் எதையும் விரலால் சுட்டிக் காட்டாதது, ஒரு சொல்லும் வராதது, இரண்டு வயதிலும் இரு சொல் சேர்க்காதது எல்லாம் அதே கணக்குத்தான். பேசிக்கொண்டிருந்த சொற்கள் மறைந்துபோனால் எந்த வயதானாலும் உடனே போக வேண்டும்.

அன்றைக்கும் இன்றைக்கும் பிழைத்து வரும் குழந்தைகளே வேறு. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. வீட்டுப் பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதித்த பிள்ளைகள் குறைந்தார்கள். மறுபுறம், 1980களில் பிழைத்திருக்கவே வழியில்லாத ஒரு கிலோக் குழந்தைகள் அரசு மருத்துவமனைப் பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து உயிரோடு வீடு திரும்புகின்றன. பெரிய சாதனை இது. ஆனால் அந்தக் குழந்தைகளின் கண், காது, கை, கால், பேச்சு ஒவ்வொன்றையும் ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டோடு கடமை முடிவதில்லை.

பிரச்சினையின் அளவும் இப்போதுதான் தெரிகிறது. காங்ரா, பல்வல், டேங்கனால், வடக்கு கோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் வீடு வீடாகச் சென்று செய்த ஆய்வு 2018இல் வெளியானது. 2 முதல் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நரம்பு வளர்ச்சிக் குறைபாடு ஏதேனும் ஒன்று இருந்தவர்கள் இடத்தைப் பொறுத்து 2.9 விழுக்காட்டிலிருந்து 18.7 விழுக்காடு வரை. மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் ஒவ்வொரு பெரிய அங்கன்வாடியிலும் ஒரு பிள்ளை இருக்கும் என்று பொருள்.

சட்டமும் அசைந்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களைத்தான் ஏற்றது, ஆட்டிசம் அதில் இல்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. 2013இல் தேசியச் சிறார் நலத் திட்டம் வந்தது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடி நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். குழு சந்தேகப்பட்ட பிள்ளைகள் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போக வேண்டும். அங்கே குழந்தை மருத்துவர், இயன்முறை சிகிச்சையாளர், பேச்சுப் பயிற்சியாளர், உளவியலாளர், சிறப்பாசிரியர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். தாய் சேய் நல அட்டையில் தடுப்பூசிக் கட்டங்களோடு வளர்ச்சிப் படிகளும் எச்சரிக்கை அறிகுறிகளும் படத்தோடு அச்சாகியிருக்கின்றன. எடைக்கு மட்டும் இடம் இருந்த அட்டையை நினைத்தால், இந்த ஒரு பக்கம் சாதாரணமானது இல்லை.

ஆனால் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்த கண்கள் குறைந்துவிட்டன. பாட்டி ஊரில், தாயும் தகப்பனும் திருப்பூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒற்றை அறையில். முதல் பிள்ளையை வளர்க்கும் இருவருக்கும் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பிள்ளை வீட்டில் இல்லை. மரத்தாலான நடைவண்டியைப் பிள்ளை தானே எழுந்து நின்று தள்ளியது, அதன் கால் வேலை செய்தது. இன்று பரிசாக வரும் பிளாஸ்டிக் வாக்கரில் பிள்ளை தொங்கிக்கொண்டு உருள்கிறது. அதனால் நடை சீக்கிரம் வருவதில்லை. விழுந்து அடிபடும் ஆபத்துக்காகக் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. இங்கே இன்னும் முதல் பிறந்தநாளுக்கு முன்பே வாங்கிவிடுகிறோம்.

இதைவிடப் பெரிய இழப்பு சோறூட்டும் நேரத்தில் நடந்திருக்கிறது. மொட்டை மாடியிலோ வாசலிலோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டும்போது என்ன நடந்தது? தாய் விரல் நீட்டினாள். பிள்ளை விரலைப் பார்க்காமல் விரல் காட்டிய திசையைப் பார்த்தது. பிறகு தாயின் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. நாளடைவில் அதுவே விரல் நீட்டிக் காட்டியது. இருவர் ஒரே பொருளைச் சேர்ந்து பார்க்கும் இந்தத் திறன்தான் பேச்சுக்கு அடித்தளம். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளிடம் ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று பார்க்க உலகெங்கும் பயன்படும் 20 கேள்விப் பட்டியலின் மையத்தில் இருப்பதும் இதுவே. ஒவ்வோர் இரவும் தாய்மார் அறியாமலேயே அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டிருந்தார்கள். கைப்பேசியில் பாட்டு ஓட, வாய் தானாகத் திறக்க, சோறு உள்ளே போகும் வீட்டில் அந்தப் பரிசோதனை நடப்பதில்லை. இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. கைப்பேசி ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று தாய்மேல் பழி போடுவதை நான் ஏற்கவில்லை, அதற்கு ஆதாரம் இல்லை. நேரத்தை அது தின்கிறது. குழந்தையோடு பேசும் நேரத்தையும், குழந்தையைக் கவனிக்கும் நேரத்தையும்.

காத்திருக்கச் சொல்லும் குரலும் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. பாட்டி சொன்னதை இன்று சில மருத்துவர்களே சொல்கிறார்கள்: "மூணு வயசு வரைக்கும் பாக்கலாம்மா." தாய்க்கு உறுத்துகிறது. பெற்றவளின் சந்தேகம் பெரும்பாலும் பொய்ப்பதில்லை என்பதால் அந்தக் கவலையையே முதல் கேள்வியாகக் கொண்ட பரிசோதனை முறைகள் உலகில் இருக்கின்றன. ஆனாலும் கணவன், மாமியார், மருத்துவர் மூவரும் "ஒண்ணுமில்ல" என்றால் அவள் எங்கே நிற்பாள்? முதல் சந்தேகத்துக்கும், குறையின் பெயர் தெரிந்து சிகிச்சை தொடங்குவதற்கும் இடையே ஓடும் மாதங்களைத்தான் நான் உண்மையான தாமதம் என்பேன். அந்தத் தாமதம் குழந்தையுடையது இல்லை.

மதிப்பீடு முடிந்த பிறகும் அந்த மாதங்கள் நிற்பதில்லை. வாரத்துக்கு மூன்று நாள் பயிற்சி என்று எழுதிக் கொடுக்கிறார்கள். மையம் மாவட்டத் தலைநகரில். இரண்டு பேருந்து மாறி, பிள்ளையைத் தோளில் போட்டுப் போய், அரை மணி நேரப் பயிற்சிக்குப் பிறகு திரும்பினால் அன்றைய கூலி போயிற்று. நூறு நாள் வேலையோ பீடி சுற்றுவதோ எதுவாக இருந்தாலும் அதுவும் போயிற்று. மூன்றாம் மாதம் தாய் வருவதை நிறுத்துவாள். "பேரண்ட்ஸுக்கு அக்கறை இல்லை" என்று கோப்பில் எழுதினால் அது அநியாயம்.

நகரங்களில் வேறு சிக்கல். தெருவுக்குத் தெரு தெரபி சென்டர் பலகை. பேச்சுப் பயிற்சியாளர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கத் தயங்கவே கூடாது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் வாங்கும் இடங்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. அது பரிந்துரைக்கத்தக்கது அல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இலேயே சொல்லிவிட்டது. தாலியை அடகு வைத்த பணத்தில் அந்த ஊசியைப் பிள்ளைக்குப் போட வேண்டாம்.

வழி எப்படி இருக்கலாம் என்பதற்குத் தென்காசி அருகே ஆய்க்குடியைப் பார்க்கலாம். விபத்தில் கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் அங்கே தொடங்கிய அமர் சேவா சங்கம், பிள்ளையை மையத்துக்கு வரவழைப்பதோடு நிற்காமல், பயிற்சியை வீட்டுக்கே கொண்டுபோனது. அந்தந்தப் பகுதிப் பெண்களையே மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து, பிள்ளை என்ன செய்கிறது என்று கைப்பேசிச் செயலியில் பதிந்து, வல்லுநர்களின் வழிகாட்டலோடு தாய்க்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். எந்தப் பக்கம் படுக்க வைக்க வேண்டும், கிண்ணத்தை எந்தக் கைக்கு அருகில் வைக்க வேண்டும், குளிப்பாட்டும்போது எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும் என்பது வரை. பயிற்சி அன்றாட வேலையோடு கலந்துவிட்டால் பேருந்துக் கட்டணம் இல்லை, கூலி இழப்பும் இல்லை. எல்லாக் குழந்தைக்கும் இது மட்டும் போதாதுதான். கடுமையான தசை இறுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருத்துவமனை வேண்டும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளின் பெரும்பாலான நாட்களுக்கு இதுவே சரியான இடம் என்று நினைக்கிறேன். அண்மை ஆண்டுகளில் அரசும் உலக வங்கியின் உதவியோடு 'உரிமைகள்' திட்டத்தின் வழியே சேவையை மாவட்டத் தலைநகரைத் தாண்டிக் கொண்டுசெல்ல முயல்கிறது.

இதற்கிடையில் கையில் இருக்கும் வாய்ப்பு ஒன்று வீணாகிறது. புதன்கிழமை தடுப்பூசி நாள். ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரம், பிறகு 9ஆம் மாதம், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள் என்று தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் நர்சம்மாவின் முன்னால் வந்து நிற்கிறார்கள். 9ஆம் மாத ஊசிக்கு வரும் பிள்ளை உட்காருகிறதா, கைகொட்டுகிறதா, குரலுக்குத் திரும்புகிறதா என்று அந்தப் பென்சிலை வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம். ஊசி போட்டுவிட்டு அரை மணி நேரம் எப்படியும் காத்திருக்கத்தான் சொல்கிறார்கள். அந்த அரை மணி நேரம் போதுமானது. ஆனால் நர்சம்மா ஒருவரே ஊசி போட்டு, கணினியில் ஏற்றி, கர்ப்பிணிகளையும் பார்க்கும் நாளில் அந்த ஐந்து நிமிடம் அவரிடம் இல்லை. அதற்கென்று இன்னொரு கை வேண்டும். தாய் சேய் நல அட்டையில் வளர்ச்சிப் படிகளின் பக்கம் அச்சாகி இருக்கிறது. பல அட்டைகளில் வெற்றாகவே கிடக்கிறது.

ஒன்றரை வயதையொட்டிய ஊசிக்கும் 5 வயது ஊசிக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல். பேச்சு வராததும் பிறரோடு சேராததும் வெளிப்படையாகத் தெரியத் தொடங்கும் ஆண்டுகள் அவைதான், அந்த ஆண்டுகளில் எந்த ஊசியும் பிள்ளையை நர்சம்மாவிடம் அழைத்து வருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ திரவம் ஊற்றும் நாள் மட்டும் உண்டு. இரண்டு, இரண்டரை, மூன்று வயதில் பிள்ளை வாய் திறக்கும் அந்த நாட்களில் பெயரைக் கேட்டு, பந்தை உருட்டிவிட்டு, "காக்கா எங்க?" என்று கேட்டுப் பார்க்க அங்கன்வாடி டீச்சருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சந்தேகம் வந்த பிள்ளையின் பெயரை அன்றைக்கே மையத்துக்கு அனுப்பி, ஒரு மாதத்துக்குள் யாராவது அந்த வீட்டுக் கதவைத் தட்டியாக வேண்டும் என்று விதி செய்யலாம்.